தோசை மாவு: கடைக்குப் போடுவதா, நேராக வீட்டுக்கே கொடுப்பதா?

மாவு வியாபாரம் தொடங்கும் எல்லோருக்கும் சீக்கிரமே இந்தக் கேள்வி வந்துவிடும். மளிகைக் கடைகளுக்குப் பாக்கெட் போடலாமா, வாட்ஸாப்பில் ஆர்டர் எடுத்து வீடுகளுக்கே கொடுக்கலாமா? கோவையில் நாங்கள் இரண்டையும் செய்து பார்த்தோம். இப்போது பெரும்பாலும் வீடுகளுக்குத்தான் கொடுக்கிறோம். புதிதாக இறங்குபவர்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கடை என்றால் ஒரே சுற்றில் நிறையப் பாக்கெட் இறங்கும். கமிஷன் போகும், பணம் தாமதமாகும், விற்காதது ரிட்டர்ன் வரும். வீடு என்றால் முழு விலையும் நமக்கு, பணமும் அன்றே வந்துவிடும். ஆனால் ஒரு பாக்கெட்டுக்காக மூன்று மாடி ஏற வேண்டும். பெட்ரோலையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்கு லாபத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்ய வேண்டியது வேறொரு விஷயத்தை வைத்து. மாவில் ஒரு குறை வந்தால், அது எதனால் வந்தது என்று நமக்குத் தெரியவருமா?

கடையிலிருந்து உப்பிப்போன பாக்கெட் திரும்பி வரும். "மாவு புளிச்சிடுச்சுங்க" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. வெயிலில் கிரைண்டர் கல் சூடேறி மாவும் சூடாகிவிட்டதா? அரைத்தபின் அதிக நேரம் வெளியே இருந்துவிட்டதா? அல்லது கரண்ட் பில்லை நினைத்துக் கடையில் ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டார்களா? எதுவானாலும் பாக்கெட் ஒரே மாதிரிதான் உப்பும். நுண்ணுயிர்கள் வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுக்கு யார் பக்கம் தவறு என்று தெரியாது. ஃப்ரிட்ஜில் இருக்கும் கோளாறுக்கு நாம் அரைக்கும் பக்குவத்தை மாற்றினால், நன்றாக இருந்த மாவும் கெடும்.

வீட்டில் கொடுக்கும்போது இந்த முடிச்சு அவிழ்கிறது. எந்த வீட்டுக்கு எந்த நேரத்து மாவு போனது என்று நோட்டில் இருக்கும். பேச ஆளும் இருக்கும். ஒரு வாடிக்கையாளர், "தோசை மொறுமொறுன்னு வருதுக்கா, இட்லிதான் தட்டையா போகுது" என்றார். எப்படி ஊற்றுகிறீர்கள் என்று விசாரித்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு கரண்டியால் நன்றாக அடித்துக் கலக்கி ஊற்றுகிறார். உள்ளே இருந்த காற்றெல்லாம் போய்விடுகிறது. இதற்கு உளுந்தைக் கூட்டினால் சரியாகுமா? பாக்கெட்டில் ஒரு வரி சேர்த்தோம்: 'இட்லிக்கு அரை மணி நேரம் வெளியே வைத்து, கலக்காமல் எடுத்து ஊற்றவும்.' இன்னும் சில வீடுகளிலும் இதே குறை அதோடு நின்றது. கடைவழியாக இந்தச் சேதி எங்களை வந்து சேர்ந்திருக்கவே முடியாது.

கேட்கும் விதமும் முக்கியம். "மாவு எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்குக்கா" என்றுதான் பதில் வரும், முகத்துக்கு நேரே யார் குறை சொல்வார்கள்? "கடைசிக் கொஞ்சத்தை என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். பணியாரம் ஊற்றினோம், ஊத்தப்பம் போட்டோம் என்பதிலிருந்து மாவு எத்தனையாவது நாளில் புளிப்பேறுகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புது உளுந்து வாங்கிய அன்றே ஐஸ் தண்ணீரில் அரைக்கவும் தொடங்கினால், பலன் எதனால் வந்தது என்று பிரிக்க முடியாது.

கடைவழியாகவே பெரிதாக வளர்ந்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பெங்களூரில் 2005-ல் பி.சி. முஸ்தபாவும் அவருடைய உறவுச் சகோதரர்களும் 50 சதுர அடி இடத்தில் தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் என்ற மாவு நிறுவனம், சுற்றுவட்டாரக் கடைகளுக்குப் போட்டுத்தான் வளர்ந்தது. ஆனால் அந்தச் சகோதரர்களுக்குச் சொந்தமாகவே மளிகைக் கடை இருந்தது. ரப்பர் பேண்ட் போட்டு விற்ற மாவுப் பாக்கெட்டுகளை வாங்கியவர்கள் என்ன குறை சொன்னார்கள் என்பது அவர்கள் கல்லாவுக்கே வந்தது. அப்படி ஒரு கல்லா உங்களுக்கும் இருந்தால் கடைவழியைத் தாராளமாக எடுங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்களுடையது சின்ன அளவு. தினமும் நூற்றுக்கணக்கில் பாக்கெட் போகும்போது இப்படி வீடு வீடாகப் பேசிக்கொண்டிருக்க முடியுமா என்பது எனக்கு அனுபவத்தில் தெரியாது. அந்த அளவில் கடை இல்லாமல் முடியாது என்றுதான் தோன்றுகிறது. அதனால் கடைகளை முழுதாக விட்டுவிடவில்லை. ராத்திரியிலும் ஃப்ரிட்ஜ் ஓடும் இரண்டு கடைகளுக்கு மட்டும் போடுகிறோம். உள்ளே ஒரு சின்ன தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளலாமா என்று இருவரிடமும் கேட்டிருக்கிறோம். சரி என்றால், அடுத்த கோடைக்குள் இன்னும் சில கடைகளைச் சேர்ப்பதாக இருக்கிறோம்.