சாரல் ஊரில் ஒரு ஜப்பானிய நெற்றி முடி: பதினான்கு மாத அனுபவம்

சென்ற ஆண்டு மே மாதக் கடைசியில் இந்த முடிவெட்டை வைத்துக்கொண்டேன். இப்போது ஜூலை. நடுவில் இரண்டு சாரல், ஒரு மார்கழி, ஒரு கோடை, ஒரு தப்பான கத்தரி எல்லாம் கடந்தாகிவிட்டது. வெட்டிய அன்று எடுத்த படத்தைப் பார்த்து எங்கே வெட்டினாய், எவ்வளவு ஆனது என்று கேட்டவர்கள் நிறையப் பேர். பத்தாவது நாள் எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சொல்வதற்கு இருப்பதெல்லாம் அந்தப் பத்தாம் நாளுக்குப் பிறகு நடந்ததுதான்.

முதலில் என் நிலவரம். ஊர் செங்கோட்டை. புளியரை போகும் வழியில் ஒரு மர அறுவை மில்லில் கணக்கு எழுதுகிறேன். மலைக்கு அந்தப்பக்கமிருந்து வரும் அயினியும் ரப்பர் தடியும் பகல் முழுக்க அறுபடும். மரத்தூள் சன்னல் வழியாக வந்து பேரேட்டில் உட்காரும், என் தலையிலும் உட்காரும். போகவர ஸ்கூட்டர், ஆகவே ஹெல்மெட். முடி கருப்பு, அடர்த்தி நடுத்தரம், காய்ந்தால் மெல்லிய அலை. முன்நெற்றியில் இடதுபுறம் ஒரு சுழி. இந்தச் சுழியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எங்கள் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பாலக்காடு, கம்பம், ஆரல்வாய்மொழி என்று காற்றாலைக்காரர்கள் தேடிப் போன கணவாய்களோடு செங்கோட்டையும் ஒன்று. ஜூன் பிறந்தால் ஆரியங்காவுப் பக்கமிருந்து இறங்கும் காற்று ஆகஸ்ட் வரை ஓயாது. இறக்கை சுழற்ற ஏற்ற காற்று, நெற்றியில் முடியை நிறுத்த ஏற்றதல்ல. இதையெல்லாம் யோசிக்காமல்தான் கொச்சிக்குப் போனேன்.

தங்கை எர்ணாகுளத்தில் படிக்கிறாள். இரவு பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறிக் காலையில் இறங்கினேன். அவள் தேர்ந்து வைத்திருந்த கடையில் நான் முதலில் காட்டிய படம் 'ஹிமே கட்'. ஹிமே என்றால் இளவரசி. புருவத்துக்கு நேராக ஒரு வெட்டு, கன்னத்தருகே இரண்டு பக்கமும் பலகை போல ஒரு வெட்டு, பின்னால் நீண்ட நேர்முடி. ஹெயான் காலத்து (794–1185) அரண்மனைப் பெண்களின் தோற்றத்திலிருந்து வந்த பாணி இது. அவர்களுக்கு வயது வந்ததும் கன்னத்தோர முடியைக் கத்தரிப்பதே ஒரு சடங்கு. பின்சோகி என்று பெயர். நம் வீடுகளில் சடங்கென்றால் சடை தைத்துப் பூ வைப்பார்கள், அங்கே கத்தரி வைத்திருக்கிறார்கள்.

வெட்டிய பெண் என் முடியை ஈரமாகவும் உலர்ந்தும் பார்த்துவிட்டு, அசல் ஹிமே உங்களுக்கு வேண்டாம் என்றார். கிழக்காசிய முடி பெரும்பாலும் தடிப்பு, நேர். வெட்டிய கோடு வெட்டியபடியே நிற்கும். அலை முடியில் அதே கோடு மூன்றாம் நாள் பல் உடைந்த சீப்பு மாதிரி ஆகிவிடும். அதனால் அதன் மென்மையான வடிவம்: இடைவெளியில் நெற்றி தெரியும்படி மெல்லிய நெற்றி முடி, கன்னத்திலிருந்து தாடை வரை படிப்படியாக இறங்கும் பக்க முடி, முதுகுப் பாதி வரை நீளம் அப்படியே. இந்த 'நெற்றி தெரியும்' பாணி கொரியாவிலிருந்து ஜப்பானுக்குப் போனது.

அவர் வேலை செய்த விதத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நான் பட்ட பாடெல்லாம் இது தெரியாததால் வந்தது. நெற்றி முடியாக எடுத்தது ஒரு முக்கோணம். உச்சி முனை முன்தலையில், மற்ற இரண்டு முனைகள் இரு கண்களின் வெளி ஓரத்துக்கு நேராக. அதற்கு வெளியே உள்ள ஒரு முடியைக்கூடத் தொடவில்லை. டிரையர் போட்டு முழுக்க உலர்த்திய பிறகே கத்தரியை எடுத்தார். குறுக்கே ஓட்டாமல் நிமிர்த்திப் பிடித்து நுனியை மட்டும் கொத்திக் கொத்தி விட்டார். "ஈரத்தில் புருவத்துக்கு வெட்டினால் காய்ந்ததும் ஒரு விரல் மேலே ஏறிவிடும் சேச்சி, யாரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள்" என்றார். ஒன்றேகால் மணி நேரம், 1,400 ரூபாய். அன்றைக்குக் கண்ணாடியில் தெரிந்தவளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வீட்டில் அம்மா ஒன்றும் பேசவில்லை, காப்பியை மட்டும் சற்று ஓங்கி வைத்தாள். ஆச்சிதான் அருகில் கூப்பிட்டு முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "ஏட்டி, இது சாதனா கட்டல்லவா? ஜப்பான் என்று எவன் சொன்னான்?" 1960-இல் வந்த ஒரு ஹிந்திப் படத்தில் அகன்ற நெற்றியை மறைக்க நடிகை சாதனா முன்முடி வெட்டிக்கொண்டதும், நாடு முழுக்கப் பெண்கள் அதே போல வெட்டிக்கொண்டதும் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. தானும் அடுப்படியில் அருவாமனையை வைத்து முயன்று அடி வாங்கியதாக அன்றைக்குத்தான் சொன்னாள். அம்மாவுக்கே அது புதுச் செய்தி.

சரியாகப் பத்து நாளில் சாரல் தொடங்கியது.

முடியின் உள்ளே புரத இழைகளைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகளில் ஹைட்ரஜன் பிணைப்பு ஒரு வகை. தண்ணீர் பட்டால் விடும், காய்ந்தால் காய்ந்த வடிவத்திலேயே திரும்பப் பிடித்துக்கொள்ளும். டிரையரால் நேராக்குவதும் இதனால்தான் முடிகிறது, மழைக்காற்றில் அது குலைவதும் இதனால்தான். எங்கள் சாரல் நனைக்கிற மழைகூட இல்லை. பொடிப்பொடியாக முகத்தில் தூவிவிட்டுப் போகும், உடனே காற்று உலர்த்தும். ஒரு நாளில் பத்து முறை நனைந்து, காற்று தள்ளிய திசையிலேயே பத்து முறை உலர்ந்தால் என்ன வடிவம் வரும்? மில் வாசலில் இறங்கும்போது இடதுபாதி வானத்தைப் பார்க்கும், வலதுபாதி நெற்றியில் ஒட்டியிருக்கும். சுழி அதற்குத் தலைமை தாங்கும். லோடு ஏற்றும் அண்ணன் ஒருவர் கவலையோடு, "வண்டியில் விழுந்துவிட்டீர்களா அக்கா?" என்று கேட்டார்.

பதற்றத்தில் ஸ்ட்ரெயிட்னர் வாங்கினேன். ஒரு நாள் அவசரமாக அரைஈர முடியில் வைத்தபோது புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அது முடிக்குள் இருக்கும் நீர் கொதிக்கிற சத்தம். நுனிகள் வெடித்துப் பிளந்தது இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. இப்போது அது பரணில் இருக்கிறது. கல்யாணம், போட்டோ என்றால் மட்டும் இறக்கி, நன்றாக உலர்ந்த முடியில், 140 டிகிரியில் ஒரே இழுப்பு.

ஆகஸ்டில் நடந்தது என் சொந்தத் தப்பு. ஓரங்களைச் சீராக்க உள்ளூரிலேயே ஒரு பார்லரில் உட்கார்ந்தேன். உலர்த்தி வெட்டச் சொல்லுங்கள் என்ற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லக் கூச்சம், தொழில் தெரிந்தவருக்கு நாம் சொல்வதா என்று. அவர் தண்ணீர் தெளித்தார், சீவி இழுத்தார், காதோர முடியையும் சேர்த்துக்கொண்டார், குறுக்கே ஒரே கத்தரிப்பு. காய்ந்தபோது நெற்றி நடுவுக்கு ஏறி நின்றது. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். எனக்குப் போயிருந்தது மூன்று. அந்த மூன்று மாதம் ஹேர்பின்னும் பொறுமையுமாகக் கழிந்தது. ஆச்சி மட்டும் தினமும் "இன்னும் வளரவில்லையா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

வளர்ந்துகொண்டிருந்த அந்த நாட்களில் இன்னொரு தொல்லை வந்தது. நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாகப் பொரிந்தது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் எங்கள் வீட்டுச் சட்டம். தலைக்கு வைத்த எண்ணெய் முன்முடி வழியாக நெற்றியில் இறங்கி, முடி மூடியே கிடந்ததால் துளைகள் அடைத்துவிட்டன. சட்டத்தை மாற்றவில்லை, ஒரு திருத்தம் கொண்டுவந்தேன்: முக்கோணத்தைத் தனியாகச் சுருட்டிக் கிளிப் போட்டுவிட்டு மற்ற தலைக்கு மட்டும் எண்ணெய். மூன்று வாரத்தில் நெற்றி தெளிந்தது. தலையில் தானாகச் சுரக்கும் எண்ணெயே முன்முடிக்குத் தாராளம்.

இதற்கிடையில் ஜப்பானியக் கமீலியா எண்ணெய் மீதும் ஆசை வந்தது. சுபாக்கி என்பார்கள், ஓஷிமாத் தீவு அதற்குப் பேர்போனது. சின்னக் குப்பி, பெரிய விலை. ஒலியிக் அமிலம் மிகுந்தது, லேசானது, மணமே இல்லை. நம் தேங்காய் எண்ணெய் லாரிக் அமிலத்தால் முடிக்குள் ஊடுருவக்கூடியது. மார்கழியில் குப்பிக்குள் உறைந்துபோவது ஒன்றுதான் அதன் குறை. இரண்டையும் ஆளுக்கொரு மாதம் வைத்துப் பார்த்தேன். பக்க முடியின் நுனிக்கு ஒரு சொட்டு என்ற அளவில் வித்தியாசம் என் விரலுக்குத் தெரிந்தது, வேறு யார் கண்ணுக்கும் தெரியவில்லை. குப்பி தீர்ந்ததும் மறுபடி வாங்கவில்லை.

இனி, நிலைத்த பழக்கம். தலைக்குக் குளித்து வந்ததும் துண்டைக் கொண்டையாகக் கட்டிக்கொண்டு மற்ற வேலை பார்ப்பதை விட்டுவிட்டேன். முதலில் முன்முடி, பிறகுதான் புடவை. தானாகக் காயத் தொடங்கிவிட்டால் சுழி சொல்வதே சட்டம். டிரையரை மேலிருந்து கீழே பிடித்து, விரல் நுனிகளால் வேரை இடமும் வலமுமாக மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். சுழி எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாமல் குழம்பி நடுவில் படுத்துவிடும். இரண்டு நிமிடம் போதும். பிறகு ஒட்டும் கர்லர் ஒன்றை நெற்றிக்கு மேல் சுருட்டி வைத்து, அதோடேயே தோசை சுட்டு, டப்பா கட்டி, கிளம்பும்போது கழற்றுவேன். ஒருமுறை கழற்ற மறந்து தெருமுனை வரை போயிருக்கிறேன்.

குளிக்காத நாளில் முழுத்தலையை நனைக்க வேண்டியதில்லை. மற்றதைக் கட்டிவிட்டு முன்முடியை மட்டும் வாஷ்பேசினில் ஒரு துளி ஷாம்பூவில் அலசி உலர்த்தினால் தலையே குளித்த மாதிரி இருக்கும். முகப்பவுடரைத் தட்டி எண்ணெய்ப்பசை எடுக்கலாம் என்று சொல்லக் கேட்டு அதையும் செய்தேன். கருப்பு முடியில் அது அகால நரை.

ஹெல்மெட் விஷயம் தற்செயலாகக் கற்றது. முன்முடியை நெற்றியில் விட்டு மாட்டினால் வியர்வையில் ஒட்டி ஈர்க்குச்சி போல ஆகிறது. மேலே தூக்கிப் பின்னுக்குத் தள்ளி, மெல்லிய பருத்தித் துணி கட்டி, அதன்மேல் மாட்டினால் கழற்றும்போது வேர் தூக்கி நிற்கிறது. விரலை நனைத்து வேரில் மட்டும் தடவிக் கீழே இழுத்துவிட்டால் போதும். அந்தத் துணி மரத்தூளுக்கும் காவல்.

ஜனவரியும் பிப்ரவரியும் இந்த வெட்டுக்கென்றே வந்த மாதங்கள். ஈரமில்லாத காற்று, வியர்வை இல்லை, காலையில் செய்தது மாலை வரை அப்படியே. கொச்சியில் பார்த்த அந்தப் பெண் அப்போது மறுபடி கண்ணாடியில் வந்தாள். ஏப்ரலில் போய்விட்டாள். கோடை மதியத்தில் முன்முடி நான்கைந்து கயிறாகப் பிரிந்து கிடக்கும், அதற்கு என்னிடம் மருந்து இல்லை. கிளிப்தான்.

கோயிலுக்குப் போவதில் சின்னச் சிக்கல். பண்பொழித் திருமலைக்கோவிலில் மலைமேல் காற்று; திருநீற்றை விரலில் எடுத்தால் நெற்றி சேர்வதற்குள் பாதி முடியில். அம்மாவின் நிரந்தரக் குறை, பொட்டு தெரியவில்லை என்பது. நெற்றி தெரியும் பாணி என்பதால் முழுக்க மறையவில்லை என்று வாதாடிப் பார்த்தேன். "தெரிகிறது, குயிலைத் தோப்பில் தேடுகிற மாதிரி" என்றாள்.

எதிர்பாராத லாபம் பக்க முடியில் வந்தது. புனலூர் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் தாடைவரை தொங்கும் இரண்டு கொத்துகளையும் பார்த்து, "இது குளிப்பின்னலுக்கென்றே வெட்டியது போல இருக்கிறதே" என்றாள். அந்தப் பக்கம் பெண்கள் குளித்ததும் காதோரத்திலிருந்து மெல்லிய இழையை எடுத்துப் பின்னால் சேர்த்துப் பின்னி, மிச்சத்தை விரித்து விடுவார்களே, அதுதான். மேல் படியில் உள்ள முடி மட்டும் முன்னால் நிற்க, மற்றது பின்னலுக்குள் அடங்கியது. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குச் செட்டுப் புடவையோடு அப்படியே போனேன். அங்கே யாருக்கும் அது ஜப்பான் என்று தோன்றவில்லை.

செலவைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை நுனி கொத்த வேண்டும். விட்டால் கண்ணைக் குத்தும். இப்போது தென்காசியில் ஓர் அக்கா கிடைத்திருக்கிறார், 150 ரூபாய். முதல் நாளே அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, "அப்படியா, உலர்த்தியே வெட்டுவோம்" என்றார். ஒரு வருடம் கூச்சப்பட்டதை நினைத்து எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

நன்றாகச் சுருண்ட முடிக்காரர்கள் இந்தப் படத்தைக் காட்டி இதையே கேட்க வேண்டாம் என்பது என் கருத்து. தினமும் ஏழு நிமிடம் ஒதுக்க முடியாதவர்களுக்கும் வேண்டாம். நெற்றி அகலம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள் ஒருமுறை வெட்டிப் பார்க்கலாம். நான் அந்த இனம்.

இந்தச் சாரலுக்கு முன்னால் அக்காவிடம் நீளத்தை மாற்றச் சொன்னேன். புருவம் வரை வேண்டாம், நடுவில் மூக்குத்தண்டு வரை, ஓரங்கள் கன்ன எலும்பு வரை. காற்றில்லாத அறையில் பார்த்தால் படத்தில் உள்ளதைவிட அழகு குறைவுதான். ஆனால் இந்த நீளத்தில் காற்று அடித்தால் முடி நிமிர்வதில்லை, இரண்டாகப் பிரிந்து கன்னத்தோரம் ஒதுங்குகிறது. நேற்று புளியரைத் திருப்பத்தில் சாரல் முகத்தில் அறைந்தபடியே மில்லுக்கு வந்தேன். லோடு அண்ணன் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.