ஹேட்ரியன் சுவரா, அன்டோனைன் சுவரா?

பிரிட்டனில் ரோமானியர்களின் எல்லை எது என்று கேட்டால் பலரும் ஹேட்ரியன் சுவரைத்தான் காட்டுவார்கள். அதற்கும் வடக்கே, இன்றைய ஸ்காட்லாந்தில், அன்டோனைன் சுவர் என்று இன்னொன்றும் இருந்தது.

ஹேட்ரியன் சுவரைக் கி.பி. 122-இல் தொடங்கினார்கள். டைன் ஆற்றிலிருந்து மேற்கே சால்வே கழிமுகம் வரை சுமார் 117 கி.மீ. மேற்குப் பகுதியை முதலில் புல்மண் கட்டிகளால் எழுப்பி, பிறகு கல்லுக்கு மாற்றினார்கள், மற்றபடி கல்தான். ரோமானிய மைலுக்கு (சுமார் 1.5 கி.மீ.) ஒரு சிறு கோட்டை, அதில் வாசல், இடையே இரண்டு காவல் கோபுரங்கள். இத்தனை வாசல்களைப் பார்த்தால், ஆட்களை அடியோடு தடுப்பதைவிடப் போக்குவரத்தைக் கண்காணிப்பதே நோக்கம் என்று தோன்றுகிறது.

பேரரசர் ஹேட்ரியனுக்கு அடுத்து வந்த அன்டோனினஸ் பயஸுக்குப் போர்க்களப் புகழ் கிடையாது. ஒரு வெற்றி தேவைப்பட்டிருக்கும். கி.பி. 142 வாக்கில் ஃபோர்த், கிளைடு கழிமுகங்களுக்கு நடுவே புதுச் சுவர் எழுந்தது. கல் அடித்தளத்தின்மேல் புல்மண், வடக்கே பெரிய அகழி. நீளம் சுமார் 60 கி.மீ., அதாவது பழையதில் ஏறக்குறைய பாதி. வரைபடத்தில் பார்த்தால் இதுதான் கெட்டிக்காரத்தனமான கோடு. ஆனால் இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட நிலத்தையும் சேர்த்துக் காக்க வேண்டுமே! 160-களில் அதைக் கைவிட்டுப் பழைய சுவருக்கே திரும்பினார்கள்.

அப்புறம் 208-இல் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் மறுபடி வடக்கே படையெடுத்தார். 211-இல் யார்க்கில் இறந்தார். மகன்கள் படையைத் தெற்கே திருப்பிவிட்டார்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: கல் வேண்டுமென்றால் ஹேட்ரியன் சுவரிலுள்ள ஹவுஸ்டெட்ஸ் கோட்டை, அகழி வேண்டுமென்றால் அன்டோனைன் சுவரில் ஃபால்கர்க் அருகிலுள்ள ரஃப் காசில் கோட்டை. எனக்கு ஹவுஸ்டெட்ஸ்தான்.