ஹ்மோங் கத்தியா, குக்ரியா, மோராவா? உறையோடு சேர்த்து ஓர் அலசல்

ஹ்மோங் கத்தியை விலை பேசுகிறவர்கள் பெரும்பாலும் அலகை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். மர உறையை ஓரமாக வைத்துவிடுகிறார்கள். என் கணக்கில் உறைதான் முதலில் கையில் எடுக்க வேண்டியது. அலகில் சின்னக் குறை இருந்தால் சாணை பிடித்துச் சரிசெய்துகொள்ளலாம். உறை பொருந்தவில்லை என்றால், உருவும் ஒவ்வொரு முறையும் கூர் மரத்தில் உரசி மழுங்கும். சில நேரம் விரலையும் பதம் பார்த்துவிடும். அதனால் இங்கே உறைக்கே அதிக இடம். பக்கத்தில் வைத்துப் பார்க்க நேபாளத்தின் வளைந்த வெட்டுக்கத்தியான குக்ரியையும், ஸ்வீடனின் மோரா கம்பேனியன் என்ற சின்னக் கத்தியையும் எடுத்துக்கொண்டேன்.

ஹ்மோங் மக்கள் தென்சீனா, வடக்கு வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைகளில் வாழ்கிறவர்கள். அவர்களுடைய பட்டறையில் என்னை மிகவும் கவர்வது துருத்தி. மரத்தண்டைக் குடைந்த நீண்ட உருளை, அதற்குள் முன்னும் பின்னும் போய்வரும் தண்டு, காற்று கசியாமல் அடைக்க அதைச் சுற்றிக் கோழி இறகு. தள்ளினாலும் இழுத்தாலும் காற்று வரும் என்பதால் கரியின் சூடு விட்டுவிட்டு இறங்குவதில்லை. இரும்புக்கு இப்போது பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டைதான். 1975க்குப் பிறகு லாவோஸிலிருந்து அகதிகளாகக் கிளம்பியவர்களோடு இந்தக் கத்தியும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. மினசோட்டாவின் செயின்ட் பால், கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ போன்ற ஊர்களில் ஹ்மோங் குடும்பங்கள் இன்றும் தோட்டத்திலும் சமையலறையிலும் இதைப் புழங்குகிறார்கள்.

முதலில் அலகு. லாரிப் பட்டையில் கார்பன் சுமார் 0.6 சதவீதம் இருக்கும். சரியாகத் தோய்ச்சல் போட்டால், அதாவது பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால், கூரும் நிற்கும், அடியும் தாங்கும். குக்ரிக்கும் இதே பட்டைதான், ஆனால் தோய்ச்சல் முறை தனி. கெண்டியிலிருந்து தண்ணீரைக் கூர்ப்பக்கம் மட்டும் மெல்ல ஊற்றிக்கொண்டே போவார்கள். கூர் கடினமாகும், முதுகு இளக்கமாகவே இருக்கும். அதனால் ஓங்கி வெட்டினாலும் அலகு உடைவது அரிது. அந்தக் கனமும் வளைவும் சேர்ந்து வெட்டுவதற்கென்றே பிறந்தவை. ஹ்மோங் கத்தி மெலிந்தது, நுனி கூர்மையானது. மூங்கில் பிளக்கலாம், இறைச்சி அறுக்கலாம், காய் நறுக்கலாம், குச்சி சீவலாம். விறகு பிளக்க நினைத்தால் குக்ரியை எடுங்கள். அந்த வேலையில் ஹ்மோங் கத்தியைக் கசக்குவது அதை அடித்த கொல்லருக்குச் செய்யும் அநியாயம்.

மோராவைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். கம்பேனியன் வகையில் அலகு சுமார் 10 சென்டிமீட்டர் நீளம், 2 முதல் 2.5 மில்லிமீட்டர் தடிமன். துருப்பிடிக்காத எஃகிலும் கிடைக்கும், கார்பன் எஃகிலும் கிடைக்கும். உறை பிளாஸ்டிக், தண்ணீர் வடிய அடியில் ஓட்டை. கத்தி உள்ளே போனதும் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். மழையில் நனைந்தாலும் உறை ஊதாது, சுருங்காது. எந்தக் கடையில் வாங்கினாலும் ஒரே தரம்.

இப்போது மர உறைகள். ஹ்மோங் உறை இரண்டு மரப் பலகைகள். ஒவ்வொன்றிலும் அலகின் வடிவத்துக்குப் பள்ளம் குடைந்து, முகத்துக்கு முகம் வைத்து, பிரம்பாலோ பித்தளை, அலுமினியப் பூண்களாலோ இறுக்கியிருப்பார்கள். இடுப்பில் தொங்கவிடக் கயிறும் உண்டு. குக்ரியின் உறையும் உள்ளே இரண்டு மரத்துண்டுகள்தான், மேலே எருமைத் தோல் போர்த்தி, நுனியில் உலோகக் குப்பி மாட்டுவார்கள். பின்பக்கம் கர்தா என்ற சின்னத் துணைக் கத்திக்கும், சக்மக் என்ற கூரில்லாத தீட்டுக்கருவிக்கும் இடம் இருக்கும். பார்க்க அழகு, ஆனால் தோலுக்குள் ஈரம் இறங்கினால் காய நாளாகும். உள்ளே மரம் என்ன நிலைமையில் இருக்கிறது என்று தோலைக் கிழிக்காமல் தெரியாது. ஹ்மோங் உறையில் எல்லாம் வெளியே தெரிகிறது. பிரம்பு தளர்ந்தால் அவிழ்த்து, பலகைகளைப் பிரித்துத் துடைத்து, புதிதாகக் கட்டலாம். தெரிந்தவர் கையால் ஒரு மாலையில் முடிகிற வேலை. இந்த ஒரு காரணத்துக்காகவே என் மனம் ஹ்மோங் பக்கம் சாய்கிறது.

பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. மரம் ஈரத்தில் ஊதும், வறட்சியில் சுருங்கும். மலையில் மழைக்காலத்தில் கத்தி சிக்கிக்கொண்டு வர மறுக்கும். அதே உறை மினசோட்டா குளிர்காலத்தில், ஹீட்டர் ஓடும் வீட்டில் கிடந்தால் பூண் லொடலொடவென்று ஆடும், குனிந்தால் கத்தி நழுவும். பிளாஸ்டிக் உறைக்கு இந்தத் தொல்லையே இல்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்னொன்று, உயிர் போகிற விஷயம். இரண்டு பலகைகளும் சேரும் இணைப்பு அலகின் கூர்ப்பக்கத்தை ஒட்டியே ஓடும். உருவும்போது கூர்ப்பக்கம் அந்த இணைப்பின் மேல் அழுந்தினால் அலகு அதைப் பிளந்துகொண்டு வெளியே வரலாம். ஆகவே உறையைப் பிடிக்கும் விரல்கள் கூர்ப்பக்கம் சுற்றிக்கொள்ளவே கூடாது. இரண்டு தட்டைப் பக்கங்களில் மட்டும் பிடித்து, அலகின் முதுகு உறையின் முதுகோடு உரசும்படி மெல்ல உருவ வேண்டும். குக்ரிக்கும் இதே விதிதான்.

ஹ்மோங் கத்தி வாங்கும்போது நான் பார்ப்பவை இவை. உறையோடு தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினால் கத்தி விழக்கூடாது. ஆனால் உருவ இரண்டு கையும் மல்லுக்கட்டக் கூடாது. சில முறை உருவிச் செருகிய பிறகு உறையைச் சாய்த்துத் தட்டுங்கள். மரத்தூள் கொட்டினால் கூர் எங்கேயோ மரத்தைச் சீவுகிறது என்று அர்த்தம். பிடியும் அலகும் சேரும் இடத்துப் பூண் ஆடக்கூடாது. முதுகின் வழியாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் அலகு நேராக இருக்க வேண்டும். விற்பவர் அனுமதித்தால், பிடிக்கு அருகில் கூரின் மேல் ஒரு சின்ன அரத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அரம் வழுக்கினால் தோய்ச்சல் சரி. வெண்ணெய்போலக் கடித்தால், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இந்தச் சோதனையில் தோற்கும் கத்திகள் சுற்றுலாக் கடைகளில் நிறையவே உண்டு, பித்தளைப் பூண் மட்டும் தங்கமாக மின்னும்.

யாருக்கு எது? படகு, மீன், தொடர்ந்து ஈரம் என்றால் மோரா, துருப்பிடிக்காத வகை. புதர் வெட்டவும் விறகுக்கும் குக்ரி. ஒரே கத்தி தோட்டத்திலும் அடுப்பங்கரையிலும் உழைக்க வேண்டும், பழுதானால் நானே சரிசெய்துகொள்ள வேண்டும் என்பவர்களுக்கு ஹ்மோங் கத்தி. அரம் வழுக்குகிற இரண்டு கத்திகள் கண் முன்னே இருந்து, ஒன்றின் அலகு அழகாகவும் மற்றதன் உறை கச்சிதமாகவும் இருந்தால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். வேலை முடிந்ததும் அலகை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவிய பிறகே உறையில் போடுங்கள். ஈரக் கத்தியை மர உறைக்குள் ஒரு ராத்திரி வைத்தாலே துரு பிடிக்கத் தொடங்கிவிடும்.