பால் சைக்கிளுக்கு 'ஹெவி' சக்கரம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் ஒரு சைக்கிள் கடை. பெயரை நான் இங்கே போடவில்லை. அங்கே பாரச் சைக்கிளுக்கு 'ஹெவி சக்கரம்' கட்டித் தருகிறேன் என்றால், பணத்தை எடுக்கும் முன் சக்கரத்தின் கம்பிகளை எண்ணுங்கள்.

முன்னீர்பள்ளத்திலிருந்து பாளையங்கோட்டைக்குப் பால் கொண்டுபோய் ஊற்றுவது என் தொழில். இருபது லிட்டர் கேன் இரண்டு. பால் மட்டுமே 41 கிலோ. கேன், சைக்கிள், நான் என்று எல்லாம் சேர்ந்தால் 130 கிலோவுக்குக் குறையாது. அதில் பெரும்பங்கு பின்சக்கரத்தின் தலையில்தான். பின் ரிம் துருப்பிடித்து இற்றுப்போனதால் அந்தக் கடைக்குப் போனேன். "12ஆம் நம்பர் கம்பி போட்டுத் தருகிறேன் அண்ணாச்சி, இனி இந்தச் சக்கரத்துக்காக நீங்கள் கடைப் படி ஏற வேண்டாம்" என்றார். கம்பிக்கென்று தனியாகக் கூடுதல் பணம் வாங்கினார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய ஹப்பையும் (கம்பிகள் கோக்கும் நடுக்குடம்) பழைய இரும்பு என்று ஓரமாகப் போட்டுக்கொண்டார்.

குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் தண்டவாளம் தாண்டும்போது முதல் கம்பி அறுந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாம் ஹப்பை ஒட்டிய வளைவிலேயே. கடையில் கேட்டால், "பாரம் அதிகம் அண்ணாச்சி, இது சைக்கிளா லாரியா?" என்று சிரிப்பு. இதே பாரத்தைப் பழைய சக்கரம் ஆண்டுக்கணக்கில் சுமந்தது என்பது அவர் காதில் ஏறவில்லை.

மேலப்பாளையத்தில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பாய் முதலில் எண்ணினார்: 36 கம்பி. நம் ஊர்ப் பெரிய சைக்கிள்களுக்கு முன்னால் 32, பின்னால் 40 என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே வழக்கம். என் பழைய சக்கரமும் 40தான். அடுத்து கம்பியின் கனத்தை அளக்க வெர்னியர் வைத்தார்: 2 மில்லிமீட்டர். அது 14ஆம் நம்பர் கம்பி. 12ஆம் நம்பர் என்றால் 2.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். இது தெரியாதவரிடம் 14ஐ உசத்தி என்று சொல்லியும் விற்கலாம்.

"36 கம்பியும் தாங்கியிருக்கும், ஒழுங்காக இறுக்கியிருந்தால்" என்றார் பாய். சக்கரம் உருளும்போது தரைக்கு நேரே வரும் கம்பி சுற்றுக்கு ஒருமுறை சற்றுத் தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகுகிறது. முதலிலேயே தொளதொளவென்று இருக்கும் கம்பி கீழே வரும்போது முழுக்கத் தளர்ந்துவிடும். கம்பியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிள் கழன்று வரும், வளைவு அசைந்து அசைந்தே அறுந்துபோகும். விரலால் சுண்டிப் பாருங்கள். ஒரு பக்கத்துக் கம்பிகள் ஏறக்குறைய ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். என் சக்கரம் கச்சேரிக்கு முன் சுருதி சேராத வாத்தியம் போல இருந்தது. சக்கரத்தின் கோணலை நிமிர்த்தி, கோட்டம் எடுத்ததாகச் சொல்லி அதற்கும் காசு வாங்கியிருந்தார்கள்!

காற்றிலும் கதைதான். கடைப் பையன் சட்டைப்பையிலிருந்து மீட்டரை எடுத்து வால்வில் வைத்து அழுத்தி, "80 இருக்கிறது" என்றான். வால்டியூப் என்னும் சின்ன ரப்பர் குழாய் போட்ட வால்வில் காற்று உள்ளே போகுமே தவிர வெளியே வராது. அந்த மீட்டர் உள்ளழுத்தத்தைக் காட்டவே முடியாது. டயரின் பக்கவாட்டில் அழுத்தத்தின் எல்லை அச்சிடப்பட்டிருக்கும். பாரம் ஏற்றினால் பின்டயருக்கு அந்த எல்லையை ஒட்டி அடிக்கலாம், முன்டயருக்குக் குறைவாகப் போதும். குறைவாக அடித்துப் பள்ளத்தில் இறக்கினால் ட்யூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும், ரிம்மும் நெளியும். கம்ப்ரசரில் அடித்தால், சைக்கிள் ட்யூப் சின்னது என்பதால், கண் மூடித் திறப்பதற்குள் எல்லை தாண்டி டயர் ரிம்மை விட்டுப் பிதுங்கிவிடும்.

பாய் புது ஹப், 40 ஓட்டை ரிம், உண்மையான 12ஆம் நம்பர் கம்பி போட்டுக் கட்டினார். இறுக்கிய பிறகு கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் நெருக்கிவிட்டு, மறுபடி கோட்டம் எடுத்தார். அதன்பின் ஒரு கம்பியும் அறவில்லை.

பில் வாங்கும்போது ஓட்டை எண்ணிக்கையையும் கம்பி நம்பரையும் எழுதச் சொல்லுங்கள். எனக்குக் கிடைத்தது 'வீல் - 1' என்ற துண்டுச் சீட்டு. அதை வைத்தே 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது. கம்பிக்கு வாங்கிய கூடுதல் பணத்தோடு என் பழைய ஹப்பையும் கேட்டிருக்கிறேன்; கடைக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.