ஊர் சுற்ற வாங்கிய 150–600 மி.மீ. லென்ஸ்

இரண்டு கிலோவுக்குச் சற்றே குறைவான எடை. இந்த ஜூம் லென்ஸைப் பற்றி யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். கடையில் தூக்கிப் பார்ப்பது வேறு. வட்டமிடும் பருந்துக்காகக் கையை இறக்காமல் நிற்பது வேறு.

பயணங்களில் மலைகளையும் கட்டடங்களையும் எடுத்துக்கொண்டிருந்த என்னை ஏரிக்கரை மீன்கொத்தி ஒன்று பறவைகள் பக்கம் இழுத்துவிட்டது. அந்த மோகத்தில் வாங்கியது. ஆனால் பயணத்தில் இதன் அருமை விடிந்து ஓரிரு மணி நேரம்தான். வெயில் ஏறினால் நீர்ப்பரப்பின் மேல் காற்று அலைபாயும். தூரத்து நாரையின் இறகுகள் குழம்பிவிடும். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸானாலும் அங்கே தோற்கும். எட்டாததை எட்டிப் பிடிக்க இதை வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். பக்கத்தில் இருக்கும் சிறு பறவையைப் பெரிதாகக் காட்டுவதில்தான் இது கெட்டி.

அதனால்தான் வீட்டில் இதற்கு மவுசு கூடியது. ஜன்னலோரச் செடிக்கு வரும் தேன்சிட்டுக்கு என் நடமாட்டம் பழகிவிட்டது. அதன் கழுத்து ஒரு கோணத்தில் வெறும் கறுப்பு; தலையை இலேசாகத் திருப்பியதும் ஊதாவும் பச்சையும் பற்றிக்கொள்ளும். இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தில் பிறக்கும் நிறம் அது. கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். இதில் ஒரு வில்லங்கம்: இந்த லென்ஸுக்குக் குறைந்தது 2.8 மீட்டர் இடைவெளி வேண்டும். சிட்டு அதற்கும் உள்ளே வந்து உட்கார்ந்தால் ஃபோகஸ் முன்னும் பின்னும் தவிக்கும். அறைக்குள் பின்வாங்கி எடுக்கிறேன்.

உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் (ஒளி பதியும் நேரம்) 1/500, பறப்பதற்கு 1/2000 நொடி. முழுக்க நீட்டிய 600 மி.மீ.யில், ஒளி நுழையும் துளையான அபர்ச்சர் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது. அதனால் மேகமூட்டமான நாளில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 3200-ஐத் தாண்டுவது சகஜம். அதிர்வுத் தடுப்பு நம் கைநடுக்கத்தை அடக்கும், பறவையின் வாலாட்டத்தை அடக்காது. இருண்ட நீரில் நிற்கும் கொக்குக்கு எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒரு படி குறைக்காவிட்டால் இறகின் வரிகள் அத்தனையும் வெளுத்துப்போகும்.

நாளடைவில் ஜூம் வளையம் தளர்ந்து, லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்தால் குழல் தானாக நீள்கிறது. நடக்கும்போது பூட்டிக்கொள்ள வேண்டும். மற்றபடி குறையில்லை. (கூடு கட்டியிருக்கும் பறவையை எந்த லென்ஸாலும் எடுப்பதில்லை, அது தனிக் கதை.)

பயணத்துக்கு மட்டும் கேட்கிறவர்களுக்கு 100–400 மி.மீ. போதும், தோள் வாழ்த்தும். வீட்டைச் சுற்றிப் பறவை பார்க்கிறவர்கள் தாராளமாக இதையே வாங்கலாம்.