காகிதத்துக்கு நான்கு நட்சத்திரம், கருவிக்கு ஒன்று: கதிரியக்கக் கழிவு அனுமதிச் சேவை பற்றி

சின்ன ஆய்வகம் நடத்துகிறவர்களுக்கு மட்டும் இது பயன்படும். மருத்துவமனைக்காரர்களுக்குச் சொந்தமாகவே இயற்பியலாளர்கள் உண்டு, அவர்கள் தாண்டிப் போய்விடலாம்.

சிங்கப்பூரின் ஆராய்ச்சி வட்டாரமான ஒன்-நார்த் பக்கம் ஐந்தாம் மாடியில் இருக்கிறது எங்கள் ஆய்வகம். பாஸ்பரஸ்-32, சல்பர்-35, அயோடின்-125 என்ற மூன்று கதிரியக்க ஐசோடோப்புகள் (தனிமத்தின் வகைகள்) புழங்குகின்றன. எப்போதோ வேலையை விட்டுப்போன ஒருவர் வைத்துவிட்டுப் போன கார்பன்-14 குப்பிகளும் அலமாரியின் ஒரு மூலையில் கிடக்கின்றன. ஆய்வு செய்பவர்கள் கட்டுரை எழுதுவார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட கையுறைக்கும் திரவம் உறிஞ்சும் குழாயின் முனைக்கும் மேலாளரான நான்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தக் குப்பையை எங்கள் இடத்திலேயே பூட்டி வைத்து, கதிரியக்கம் அடங்கியபின் சாதாரணக் கழிவாக வெளியேற்ற அனுமதி வேண்டியிருந்தது. அதற்காக ஓர் ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தினோம். பெயர் போடவில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்களே கொஞ்சம் பேர், நான் குறையும் சொல்லப்போகிறேன்.

சிங்கப்பூரில் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டம் 2007இல் வந்தது. கதிரியக்கப் பொருளை வைத்திருப்பது, அதன் கழிவைச் சேர்த்து வைப்பது, அகற்றுவது எல்லாமே தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. நாமாகவே எழுதி விண்ணப்பிக்கலாம், தடையில்லை. ஆனால் கழிவுத் திட்டம், கணக்கு, அவசரகால நடைமுறை என்று எழுத உட்கார்ந்தால் வேறு வேலை ஓடாது. அதனால்தான் காசு கொடுத்தோம். தொகுப்பில் மூன்று பகுதி: ஆவணங்கள், சேமிப்பு அறை அமைப்பு, கருவிகள்.

முதல் வரைவு வந்தபோது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. நிலத்தடி நீரோட்டம், கிணற்றின் ஆழம், அந்த நிலத்திலேயே வீடு கட்டிக் காய்கறி பயிரிட்டு மாடு வளர்க்கும் விவசாயி என்று ஒரு முழு அத்தியாயம். ஐந்தாம் மாடியில் யார் கிணறு தோண்டுவது? விஷயம் என்னவென்றால், அமெரிக்காவில் ‘தன் இடத்திலேயே அகற்றுதல்’ என்றால் பெரும்பாலும் புதைப்பதுதான். அங்கே கூட்டாட்சி விதித்தொகுப்பில் உள்ள 10 சிஎஃப்ஆர் 20.2002 என்ற விதியின் கீழ், வழக்கமான வழிகளில் சேராத ஓர் அகற்றும் முறைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் தனியாக அனுமதி கேட்கலாம். யாருக்கும் ஆண்டுக்குச் சில மில்லிரெம் என்ற மிகச் சிறிய அளவுக்கு மேல் கதிர்வீச்சு போகாது என்று காட்ட வேண்டும். அதைக் கணக்கிட ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடம் உருவாக்கிய ரெஸ்ராட் என்ற மென்பொருள் இருக்கிறது. நம் விவசாயியும் மாடும் கிணறும் அங்கிருந்து வந்தவர்கள்தான். யாருக்கோ எழுதிய ஆவணத்தில் ஆய்வகத்தின் பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தார்கள்.

நிலம் இருக்கிற நாடுகளுக்கு அந்தக் கணக்கு தேவை. கனடாவின் சாக் ரிவரில் கதிரியக்கம் குறைந்த கழிவைப் புதைக்க ஒரு பெரிய மேடு கட்ட அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. 10 லட்சம் கன மீட்டர் வரை கொள்ளுமாம். நமக்கோ, எரித்த குப்பையின் சாம்பலைக் கொட்டவே புலாவ் செமாக்காவ் தீவு ஒன்றுதான். 1999இல் திறந்தது, 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். கதிரியக்கக் கழிவை இங்கே யாரும் புதைக்கப்போவதில்லை. எங்களைப் போன்றவர்களுக்குத் தன் இடத்தில் அகற்றுவது என்றால் காத்திருப்பதுதான். அனைத்துலக அணுசக்தி அமைப்பு 2009இல் வெளியிட்ட கழிவு வகைப்பாட்டில் இதற்குத் தனி வகையே உண்டு: மிகக் குறுகிய ஆயுள் கழிவு. பூட்டி வை, சிதையட்டும், அளந்து பார், வெளியே அனுப்பு.

இதைச் சொல்லித் திருப்பி அனுப்பியபின்தான் அந்த நிறுவனத்தின் உண்மையான திறமை வெளியே வந்தது. அவர்கள் அனுப்பிய இளைஞர் அறைக்குள் வந்து, அட்டைப்பெட்டிகளை நகர்த்தித் தரையை அளந்து, எந்த ஐசோடோப் வாரத்துக்கு எத்தனை பை வருகிறது என்று ஒவ்வொரு மேசையிலும் போய்க் கேட்டார். கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம்தான் அரை ஆயுள்; பத்து அரை ஆயுள் கடந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். பாஸ்பரஸ்-32க்கு அரை ஆயுள் 14.3 நாள், ஐந்து மாதத்துக்குள் காரியம் முடிந்துவிடும். அயோடின்-125க்கு 59 நாள் சொச்சம், அதாவது இருபது மாதம் காத்திருக்க வேண்டும். சல்பர்-35க்கு 87 நாள், கிட்டத்தட்ட இரண்டரை ஆண்டு. அதுவரை எல்லாம் ஒரே குப்பையில் போய்க்கொண்டிருந்தது. சல்பர் முனை ஒன்று விழுந்துவிட்டால் போதும், ஐந்து மாதத்தில் போக வேண்டிய பை முழுவதும் இரண்டரை ஆண்டு உட்கார்ந்திருக்கும். ஒன்-நார்த் வாடகையில் அப்படி உட்கார இடம் கொடுக்க முடியுமா?

“அக்கா, பையைத் திறந்த தேதியை விடுங்க. கட்டி மூடின தேதியிலேருந்துதான் கணக்கு. அதைப் பெரிசா எழுதுங்க” என்றார். ஐசோடோப்புக்கு ஒரு தொட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிற நாடா, கதவில் ஒரே ஒரு தாள். வெளியே அனுப்பும் முன் பையைத் தடுப்புக்கு வெளியே எடுத்து, பின்னணி அளவு (சுற்றுப்புறத்தில் எப்போதும் இருக்கும் கதிர்வீச்சு) குறைவான இடத்தில் வைத்து அளந்து, எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கதிரியக்கத்தைக் குறிக்கும் மஞ்சள் நிற முக்கூறுச் சின்னம் எங்கே இருந்தாலும் கிழித்துவிட வேண்டும் அல்லது கறுப்பு மை பூசி மறைக்க வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் அடங்கிப்போன பையில் அந்தச் சின்னம் மட்டும் மிஞ்சியிருந்தால், குப்பை எடுக்க வருகிறவர் அதைத் தொட மாட்டார். தொடாததும் நியாயம்தான். துப்புரவு வேலைக்கு வரும் அம்மாவுக்காகக் கதவில் தமிழிலும் நாலு வரி எழுதி ஒட்டிவிட்டுப் போனார் அந்தத் தம்பி. ஒப்பந்தத்தில் இல்லாத வேலை. கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருந்தாலும் விஷயம் தெளிவு.

விண்ணப்பம் போனபின் வந்த கேள்விகளுக்கும் அவர்கள்தான் பதில் தயாரித்தார்கள். சுருக்கமாக, எண்ணோடு, தேவையில்லாத பணிவுரை இல்லாமல். சேமிப்பு அறைக் கதவின் வெளிப்புறத்தில் அளவு என்ன, சாவி யாரிடம், அயோடின் கழிவுக்குக் காற்றோட்டம் எப்படி என்ற மாதிரிக் கேள்விகள். அனுமதி வந்தது. இதுவரைக்கும் நான்கு நட்சத்திரம். விவசாயிக்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டேன்.

இனி கருவிகள். இங்கேதான் ஏமாற்றம். எல்லாக் கழிவுக்கும் சேர்த்து ஓர் ஈய அலமாரியை விலைப்பட்டியலில் போட்டிருந்தார்கள். இளைஞரின் யோசனை அல்ல அது, விற்பனைப் பிரிவின் கைவரிசை. பாஸ்பரஸ்-32 வீசும் வேகமான பீட்டா துகள்கள் ஈயத்தில் மோதினால் அங்கேயே எக்ஸ்-கதிர் கிளம்பும். அதற்கு ஒரு சென்டிமீட்டர் கனமுள்ள பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக்) பெட்டி போதும், பீட்டா எல்லாம் அதிலேயே நின்றுவிடும். ஈயம் தேவைப்படுவது அயோடினுக்கு, அதுவும் மெல்லிய தகடுதான். பெர்ஸ்பெக்ஸ் வெட்டித் தரும் கடையில் சொல்லிப் பெட்டி செய்துகொண்டோம். அவர்கள் கேட்ட விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அளவுமானியும் அப்படித்தான். தட்டையான கெய்கர் தலை (கதிரை உணரும் பகுதி) ஒன்றைக் கொடுத்தார்கள். பாஸ்பரஸுக்கு அது அருமையாகக் கத்தும். சல்பரின் மெலிந்த பீட்டாவுக்குப் பைக்கு மிக அருகில், மெதுவாக நகர்த்த வேண்டும். அயோடின்-125 வெளியிடும் ஆற்றல் குறைந்த (27 முதல் 35 கிலோ எலக்ட்ரான்வோல்ட்) கதிர்களில் மிகச் சொற்பத்தைத்தான் பிடிக்கும். மெல்லிய சோடியம் அயோடைடு படிகம் வைத்த தலை இருந்தால்தான் அயோடின் பை அடங்கிவிட்டதா என்று நம்பிச் சொல்ல முடியும். ‘பின்னணி அளவைத் தாண்டவில்லை’ என்று பதிவேட்டில் எழுதுவது நாங்கள். காது கேளாத கருவியை வைத்து அமைதியாக இருக்கிறது என்று எப்படி எழுதுவது? கேட்டதற்கு, “எல்லாருக்கும் இதுதான் கொடுக்கிறோம்” என்று பதில் வந்தது. அந்த எல்லாரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். சண்டை போட்டு மாற்றிக்கொண்டோம், கூடுதல் கட்டணத்தோடு.

கார்பன்-14 பற்றி ஒரு வார்த்தை. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. காத்திருக்கிற பேச்சே இல்லை. கதிரியக்கத்தை எண்ணும் கருவியில் வைத்து அளந்த குப்பிகளுக்கு, கிராமுக்கு 1.85 கிலோபெக்கரல் (1,850 பெக்கரல்; பெக்கரல் கதிரியக்கத்தின் அலகு) வரை கதிரியக்கம் இல்லாததுபோல் அகற்றலாம் என்று வரைவில் ஒரு வரி இருந்தது. அதுவும் அமெரிக்க விதி. அனைத்துலக அணுசக்தி அமைப்பின் தரநிலையில் கார்பன்-14க்கான விடுவிப்பு அளவு (இதற்குக் கீழே இருந்தால் கட்டுப்பாடு இல்லை) கிராமுக்கு 1 பெக்கரல், பாஸ்பரஸ்-32க்கு 1,000. ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சுமார் 10 மைக்ரோசீவர்ட்டுக்கு மேல் போகக்கூடாது என்பதை வைத்துப் போட்ட எண்கள் அவை. இயற்கையிலிருந்தே உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதாவது 2,400 மைக்ரோசீவர்ட், நமக்கு வந்துகொண்டிருக்கிறது என்பதோடு வைத்துப் பார்த்தால், எவ்வளவு இறுக்கமான கோடு என்று புரியும். வரியை எடுக்கச் சொன்னோம், எடுத்தார்கள். குப்பிகளுக்கு வேறு வழி மட்டும் சொல்லவில்லை. அவை அலமாரியில்தான் இருக்கின்றன, உரிமத்தின் கணக்கில்.

பாஸ்பரஸ் மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்றால் இந்தச் சேவை தேவையில்லை. ஒரு பெட்டி, ஒரு மானி, ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை போதும். இரண்டு மூன்று ஐசோடோப் கலந்து புழங்கினால் ஆவணத்துக்கும் அறை அமைப்புக்கும் மட்டும் விலை கேளுங்கள். கேட்டால் பிரித்துத் தருகிறார்கள்; கேட்காவிட்டால் மூன்றையும் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். பழைய கார்பன் இருந்தால் முதல் கூட்டத்திலேயே அதை மேசையில் வைத்து, பதிலை எழுத்தில் வாங்கிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.