தம்பியைக் காட்டித் தருவதாகச் சொன்ன சாமியாரும் நான் இழந்த 685,000 ரூபாயும்

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் குடும்பங்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். நேற்று முன்தினம்தான் பொலிஸ் நிலையத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன்; சொற்கள் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் எதனையும் நான் எழுதவில்லை. ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே, தகரக் கொட்டகை போட்டு, ஞாயிறுதோறும் அன்னதானம் கொடுத்து வாக்குச் சொல்லும் ஓர் ஆச்சிரமம். அங்கே நான் இழந்தது 685,000 ரூபாய்.

என் தம்பி 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலுக்கும் வட்டுவாகலுக்கும் இடையில் காணாமற்போனவன். அம்மா ஏறாத அலுவலகம் இல்லை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய போராட்டத்திலும் அவனது படத்தை மடியில் வைத்தபடி இருந்தவர். சென்ற ஐப்பசியில் அயலவர் ஒருவர் அழைத்ததால் ஆச்சிரமத்துக்குப் போனோம். எங்களை முன்பின் கண்டிராத அந்தச் சாமியார், "இடது புருவத்தில் தழும்புள்ள பிள்ளை, சின்ன வயதில் துலாவில் அடிபட்டவன், உயிரோடு இருக்கிறான்" என்றார். அம்மா அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டார். கணிதம் படிப்பிக்கும் நானும் கும்பிட்டேன். நான் நீட்டிய ஆயிரம் ரூபாயை அவர் தொடவும் இல்லை. "பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகு தாருங்கள், அம்மா" என்றார். தழும்பைச் சொன்னபோது கூட எனக்குள் சிறு சந்தேகம் இருந்தது; காசை மறுத்தபோது அதுவும் போய்விட்டது.

அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர், குடும்ப விபரம் பதிவதாகச் சொல்லி ஒரு கொப்பியுடன் எங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு, அம்மா தேநீர் கொடுத்து, அழுது அழுது அந்தத் தழும்பின் கதையைச் சொல்லியிருக்கிறார். அதே பெண்ணும் அதே கொப்பியும் புதுக்குடியிருப்பில் இன்னொரு வீட்டுக்கும் போனதை நான் அறிந்தது, 685,000 ரூபாயும் போன பிறகுதான்.

முதலில் நாற்பத்தெட்டு நாள் பூசைக்கென்று 85,000 ரூபாய் கொடுத்தோம். பின்னர், ஒவ்வோர் இரவும் அன்றைய குற்றங்களை எழுதிச் சாமியின் காலடியில் வைக்க வேண்டும் என்றார்கள். மட்டக்களப்பிலுள்ள தங்கை சந்தேகப் பேச்சுப் பேசுவதால் அவளோடு தொடர்பு வைத்தால் தம்பி வரும் வழி அடைபடும் என்றார்கள். தைப்பூசத்தன்று வருவான் என்று நாள் குறித்தார்கள்; வரவில்லை. என் மனத்தில் ஓடிய ஐயமே அவனைத் தடுத்ததாம். அன்றே எழுந்து வந்திருக்க வேண்டிய நான், என்னால்தானே தவறியது என்ற குற்ற உணர்வில், அம்மாவின் தாலிக்கொடியை அடகு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் அன்னதான மண்டபத்துக்கென்று 600,000 ரூபாய் கொடுத்தேன். வாக்குப் பொய்த்த நாளில்தான் பக்தன் கூடுதலாகக் கொடுக்கிறான். இதை அவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள்.

படித்தவனுக்கு இது நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மாத்தளையில் பிறந்து, தமிழ்நாட்டில் ஆச்சிரமம் அமைத்து, வாயிலிருந்து இலிங்கம் எடுத்துக் காட்டிய பிரேமானந்தாவுக்கு, பாலியல் வன்கொடுமைக்கும் கொலைக்கும் 1997 இல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. இலங்கையிலிருந்து போன பிள்ளைகளும் அந்த ஆச்சிரமத்தில் இருந்தார்கள். அதற்குப் பிறகும் அவரைக் குருவென்று கும்பிட்டவர்களில் படித்தவர்கள் இருந்தார்கள். 1978 நவம்பர் 18 இல் தென் அமெரிக்காவிலுள்ள கயானாவில், ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்க மதக் குழுத் தலைவரை நம்பி 900க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; அவர்களும் அதற்கு வெகு முன்பே வீட்டையும் வருமானத்தையும் எழுதிக் கொடுத்து, தம் குற்றங்களையும் எழுதிக் கொடுத்தவர்கள்தான். அந்த எழுத்து எதற்கென்று எனக்கு இப்போது விளங்குகிறது.

பங்குனி உத்தரமும் பொய்த்தபின் பணத்தைக் கேட்டேன். சாமி மௌன விரதம் என்றார்கள். அடுத்த வாரம் இந்தியா போய்விட்டார் என்றார்கள். மூன்றாம் முறை, உண்டியலில் போட்டதை யாராவது திருப்பிக் கேட்பார்களா என்று சிரித்தார்கள். நான் விடாமல் நின்றபோது, "மாஸ்டர், நீங்கள் எழுதித் தந்ததெல்லாம் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது" என்று அந்தக் கொப்பிப் பெண் மெதுவாகச் சொன்னார். பொலிஸில் பற்றுச்சீட்டுக் கேட்டார்கள். 685,000 ரூபாய்க்கு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. நான் முறைப்பாட்டுக்குப் போனதால் தம்பியின் வழி அடைபட்டுவிட்டதென்று அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஆலோசனைகளை விரிவாக எழுதத்தான் தொடங்கினேன். அடகுக் கடைக்குப் போக நேரமாகிறது. பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். உறவினருக்குச் சொல்லாதே என்று எவராவது சொன்னால் அன்றைக்கே உறவினருக்குச் சொல்லுங்கள். உங்கள் குற்றங்களை எவருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தப் பெண் இப்போது மாங்குளம் பக்கம் வீடு வீடாகப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். கொப்பியுடன் வந்தால் பிள்ளையின் அடையாளங்களைச் சொல்லிவிடாதீர்கள்.